பாத்துட்டு ஊத்து

அடுப்புக்காரருடைய கடைக்குள் புதிதாக நுழைகிறவர்கள் எதிலாவது முட்டிக்கொள்ளாமல் இருந்ததில்லை. அத்தனை இருட்டு. மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்த நீள அறை அது. இருந்த ஒரே சன்னலையும் தகரம் வைத்து அடைத்திருந்தார். வேலை செய்கிற இடத்துக்கு மேலே ஒரு பல்பு தொங்கும். பழுது பார்த்து முடித்து அடுப்பைக் கொளுத்துகிற நேரத்தில் அதையும் அணைத்துவிடுவார்.

"கடைய யாராவது அள்ளிட்டுப் போனாக்கூட உமக்குத் தெரியாதுய்யா" என்று வந்தவர்கள் கேலி செய்வார்கள்.

"அள்ள வர்றவனும் முட்டிக்கிட்டுத்தான போவான். சத்தம் கேக்கும்ல" என்பார்.

தீயின் நிறத்தைப் பார்ப்பதற்கு வெளிச்சம் ஆகாது என்பது அவர் கட்சி. நீலமாக நின்று எரிந்தால் அடுப்பு சரி. மஞ்சள் தட்டினால் நாசிலில் அடைப்பு. ஓரத்தில் மட்டும் துள்ளினால் வாஷர் தேய்ந்திருக்கிறது. ஒரு வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதுபோல அவர் தீயைப் பார்ப்பார். பெரும்பாலும் மண்ணெண்ணெய் பம்பு அடுப்புகள்தான் வரும். ஸ்பிரிட் அவருக்குத் துணைச் சாமான் மட்டுமே. பம்பு அடுப்பின் கழுத்தில் இருக்கும் சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றிக் கொளுத்தி, அடுப்பைச் சூடேற்றுவதற்கு வேண்டும். அந்த இருட்டில் அது அழகாக நீலமாக எரியும்.

கடைக்குப் பின்னால் வீடு. வீடு என்றால் இரண்டு அறை, ஒரு சமையல் மூலை, கொல்லைப்புறத்தில் துணி துவைக்கிற கல்லும் ஒரு குழாயும். முன்னறையில் அவர் மனைவியின் தையல் மெஷின். தையலம்மா என்றால்தான் தெருவில் தெரியும். ரவிக்கை, பாவாடை எல்லாம் அவள் கையில் எடுப்பதில்லை. கூடாரம், முதுகுப் பை, தார்ப்பாய், லாரித் திரை என்று முரட்டுத் துணிகள்தான். ஊசி ஒடிகிற வேலை. கணவன் பேச்சில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறது என்று அவளும், மனைவி மெஷின் மாதிரி ஓயாமல் பேசுகிறாள் என்று அவரும் ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார்கள்.

அவர்களுக்கு ஒரே பெண். ஒல்லியாக, நெடுநெடுவென்று வளர்ந்ததால் அப்பா அவளைத் திரி என்று கூப்பிடுவார். தவழ்ந்த நாளிலிருந்து கடையில் கிடந்தவள். பால் பல் விழுவதற்கு முன்பே நாசிலைக் கழற்றி ஊசி போட்டுச் சுத்தம் செய்தாள். எல்லாக் குழந்தைகளையும்போல முதலில் அவளும் அடுப்பு எரிகிறதா என்று பார்க்க அதற்கு மேலே உள்ளங்கையை நீட்டினாள். அடுப்புக்காரர் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"கைய வச்சுப் பாக்கிறவன் கத்துக்குட்டி. அடுப்புக்காரன் கண்ணாலதான் பாப்பான். நீ யாரு?"

"அடுப்புக்காரி."

"அப்ப என்ன செய்யணும்?"

"பாத்துட்டு ஊத்தணும்."

இந்தப் பாடம் தினமும் நடக்கும். சமையல் மூலையிலிருந்து தையலம்மா, "ஆமா, வெளிநாட்டுப் பட்டம் குடுக்கப் போறாங்க அப்பனுக்கும் மகளுக்கும்" என்பாள்.

திரி பெரியவளாகி, ஊருக்கு வெளியே இருந்த இளைஞர் பயிற்சி முகாமில் பயிற்சியாளராகச் சேர்ந்தாள். பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போய், கூடாரம் அடிக்கவும், வரைபடம் பார்த்து நடக்கவும், தங்கள் சோற்றைத் தாங்களே சமைக்கவும் பழக்குகிற இடம். அங்கே அவளோடு வேலை பார்த்தவன் முடிச்சுப் போடச் சொல்லிக் கொடுக்கிறவன். கயிறு மாஸ்டர் என்று பெயர் நிலைத்துவிட்டது. முகாமின் கூடாரமெல்லாம் தையலம்மாவிடம் வந்தது. அடுப்பு எல்லாம் அப்பாவிடம் வந்தது. "குடும்பமே முகாம குத்தகைக்கு எடுத்துருச்சு" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அதில் பொறாமை பாதி, பெருமை பாதி.

முகாம் தலைவர் ஒருநாள் நேரிலேயே வந்து, முட்டிக்கொண்டு, நெற்றியைத் தேய்த்தபடி உட்கார்ந்தார். பழைய அடுப்புகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கப் போகிறோம், எதை வாங்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள் என்றார்.

"யார் கையில குடுக்கப் போறீங்க?"

"பிள்ளைங்க கையிலதான். ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு. வெடிக்கக் கூடாது."

அடுப்புக்காரர் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. சாப்பாட்டுத் தட்டில் கூட அடுப்பு ஞாபகம்தான். பம்பு அடுப்பு மலையில் நன்றாக எரியும், காற்றுக்கு அசையாது. ஆனால் விளையாட்டுப் பிள்ளைகள் பந்தயம் கட்டிப் பம்பு அடித்தால் டாங்கி பிதுங்கிக்கொள்ளும். அப்படிப் பிதுங்கிய டாங்கிகளை அவர் பார்த்திருக்கிறார். அவற்றைக் கொண்டுவந்தவர்களின் முகத்தையும் பார்த்திருக்கிறார். கேஸ் டப்பா சுலபம், ஆனால் குளிர் ஏறினால் வாயு உள்ளேயே படுத்துக்கொள்ளும், எழுந்து வராது. காலி டப்பாவையும் சுமந்து இறங்க வேண்டும். கட்டி எரிபொருள் நாற்றம் தாங்காது, பானையெல்லாம் பிசின்.

"ஸ்பிரிட் அடுப்பு எடுக்கலாமாப்பா?" என்று கேட்டவள் திரிதான்.

பித்தளைக் கிண்ணம், அதற்கு ஒரு மூடி, சுற்றி ஒரு காற்றுத் தடுப்பு, அவ்வளவுதான் அது. பம்பு இல்லை, டாங்கி இல்லை, உடைய ஒன்றுமில்லை. சிந்தினால் தண்ணீர் ஊற்றி அணைக்கலாம். மெதுவாகத்தான் கொதிக்கும், பிள்ளைகள் பொறுமை கற்றுக்கொள்ளட்டுமே. மாதிரிக்கு வந்த அடுப்பைக் கடையில் வைத்து, பல்பை அணைத்து, அப்பாவும் மகளும் திரும்பத் திரும்பக் கொளுத்திப் பார்த்தார்கள். பூ மாதிரி நீலமாக எரிந்தது. சரித்துப் போட்டாலும் வெடிக்கவில்லை. "இதுதான்" என்றார் அடுப்புக்காரர். அன்றைக்கு அவர் இரண்டு டீ குடித்தார்.

புது அடுப்போடு போன முதல் பயணத்திலேயே அது நடந்துவிட்டது.

உச்சி வெயில். மரமில்லாத மொட்டைப் பாறை. கஞ்சி பாதி வெந்திருக்கும்போது கொதி அடங்கியது. திரி பானையை இறக்கினாள். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொன்னாள். ஸ்பிரிட் கேனை எடுத்து ஊற்றினாள். கிண்ணத்தில் தீ இருந்தது. ஊற்றிய ஸ்பிரிட்டின் வழியாகவே ஏறிக் கேனுக்குள் போய், சீறி வெளியே வந்து அவள் மேல் கொட்டிவிட்டது.

பிள்ளைகளில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

மருத்துவமனையில் அவளுக்கு நினைவு இருந்தது. முகத்தில் பாதியைத் தவிர எல்லாம் துணிச் சுற்று. தையலம்மா கரண்டியால் தண்ணீரை உதட்டில் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். அடுப்புக்காரர் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். அழுகை வரவில்லை அந்த மனிதருக்கு. கோபம்தான் வந்தது. சிலருக்கு அப்படித்தான், பயம் அதிகமானால் வாய் கெட்டுப்போகும்.

"எத்தன தடவ சொன்னேன், பாத்துட்டு ஊத்துன்னு? எத்தன தடவ?"

"பாத்தேம்பா" என்றாள் அவள்.

"பாத்திருந்தா ஊத்துவியா? பொய் சொல்லாத."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் அவரிடம் பேசவில்லை. விடிவதற்குள் போய்விட்டாள்.

முகாம்காரர்கள் விசாரித்தார்கள். பயிற்சியாளரின் கவனக்குறைவு என்று முடித்தார்கள். கடைக்கு வந்தவர்கள் துக்கம் கேட்டுவிட்டு, "அடுப்புக்காரர் மகளே இப்பிடிச் செய்யலாமா" என்றார்கள். அவரும் தலையைக் குனிந்துகொண்டு, "அவசரக்குடுக்க. சொன்னா கேட்டாத்தான" என்றார். மகள் போன துக்கம் ஒரு பக்கம் அறுத்தது. தன் தொழிலின் முதல் பாடத்தில் அவள் தோற்றுப்போனாள் என்கிற அவமானம் இன்னொரு பக்கம் அறுத்தது. எது அதிகம் என்று கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது.

இதையெல்லாம் தையலம்மா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கணவனிடம் பேசுவதை நிறுத்தியிருந்தாள். சோறு போட்டாள், வேட்டி துவைத்தாள், பேச மாட்டாள். ஓயாத வாய் என்று பெயர் எடுத்தவள். முகாமின் கூடாரங்களை அவள் திருப்பி அனுப்பிவிட்டாள். அவர் ஏதாவது கேட்டால் மெஷினை வேகமாக மிதிப்பாள். எப்போதாவது, அதுவும் அவரைப் பார்க்காமல், ஒரு வாக்கியம் மட்டும் வரும்.

"அவ பொய் சொல்ல மாட்டா."

அவர் எழுந்து கடைக்குள் போய்விடுவார்.

மழைக்காலம் முழுக்க இப்படியே போனது. கொல்லைப்புறம் பாசி பிடித்துக் கிடந்தது. துணி எதுவும் காயாமல் வீட்டுக்குள் கயிறு கட்டி, ஈரத் துணிகளுக்கு நடுவே குனிந்து குனிந்து இருவரும் நடமாடினார்கள். மழை விட்டு முதல்முதலாகச் சுள்ளென்று வெயில் அடித்த நாளில் கயிறு மாஸ்டர் வந்தான்.

அவன் இளைத்திருந்தான். கையில் ஒரு பை. கடையில் முட்டிக்கொள்ளாமல் வந்து உட்கார்ந்தான். திரியோடு பலமுறை வந்து பழகிய கால்கள். தையலம்மா அவனைப் பார்த்ததும் டீ போட்டு, ரொட்டியை வாட்டிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"என்ன விஷயம்?" என்றார் அடுப்புக்காரர்.

"புது பேட்ச் வருதுப்பா. அடுப்பு விஷயமா தலைவர் உங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொன்னாரு." அவன் பையிலிருந்து பித்தளை அடுப்பை எடுத்து வைத்தான். "இதையே வச்சுக்கலாமான்னு கேக்குறாரு. அடுப்பு மேல தப்பு இல்லையே, ஆள் மேலதான தப்புன்னு."

அடுப்புக்காரர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். நல்ல சாமான். அதில் சந்தேகமே இல்லை அவருக்கு.

"அடுப்பு மேல என்ன தப்பு? வச்சுக்கச் சொல்லு. பாத்துட்டு ஊத்தச் சொல்லு, அவ்வளவுதான்."

கயிறு மாஸ்டர் எழுந்திருக்கவில்லை. டீயையும் தொடவில்லை.

"அப்பா, நான் ஒண்ணு சொல்லணும். விசாரணையில நான் சொல்லல. தூரமா நின்னேன், பாக்கலைன்னு சொல்லிட்டேன். பயந்துட்டேன்."

"என்னத்தச் சொல்லல?"

"நான் பக்கத்துலதான் இருந்தேன். அவ குனிஞ்சு பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் என்னையக் கூப்பிட்டு, 'அணைஞ்சிருச்சுல்ல?'ன்னு கேட்டா. நானும் குனிஞ்சு பாத்தேன். தீ இல்லப்பா. சத்தியமா இல்ல. 'அணைஞ்சிருச்சு'ன்னு நான்தான் சொன்னேன்."

"என்ன உளர்றே? தீ இல்லாமயா பத்திச்சு?"

"அதான் எனக்கும் புரியல. தூங்க முடியல என்னால."

"ரெண்டு பேரும் பேசிக்கிட்டே எங்கயாவது பாத்திருப்பீங்க. வயசு அப்பிடி." அவர் குரல் ஏறியது. "தல நரைச்சுப் போச்சு எனக்கு, தீயப் பாத்துப் பாத்து. எரியிற தீ கண்ணுக்குத் தெரியாதா? யார்கிட்ட வந்து கத விடுறே?"

"கதையில்லம்மா" என்றான் அவன், அவரிடமல்ல, தையலம்மாவிடம்.

தையலம்மா கதவு நிலையிலிருந்து நகர்ந்து வந்தாள். மேசையிலிருந்த அடுப்பை ஒரு கையிலும் ஸ்பிரிட் கேனை மறு கையிலும் எடுத்துக்கொண்டாள்.

"எங்க கொண்டு போறே?" என்றார் அவர்.

"அவ எங்க வச்சுக் கொளுத்தினா?" என்று அவள் கயிறு மாஸ்டரைக் கேட்டாள்.

"பாறை மேலம்மா. வெயில்ல."

"நீங்க எங்க வச்சுப் பாத்தீங்க?" இது கணவனிடம். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவரை நேராகப் பார்த்து அவள் கேட்ட கேள்வி அது.

"இங்கதான். கடையிலதான்."

"அப்ப வாங்க. வெயில்ல வச்சுக் கொளுத்திக் காட்டுங்க. தீ தெரிஞ்சா, எம் பொண்ணு பொய் சொன்னான்னு நானும் ஒத்துக்கிறேன். அதுக்கப்புறம் வாயத் திறக்க மாட்டேன்."

மூன்று பேரும் கொல்லைப்புறத்துக்குப் போனார்கள். துவைக்கிற கல் வெள்ளையாகக் காய்ந்து, பார்த்தாலே கண் கூசியது. இருட்டிலேயே இருந்து பழகிய அடுப்புக்காரர் கையை நெற்றிக்குக் குடை பிடித்துக்கொண்டு தடுமாறி வந்தார். தையலம்மா அடுப்பைக் கல்லின் நடுவில் வைத்தாள்.

அவர் வேண்டா வெறுப்பாகக் குந்தினார். ஸ்பிரிட்டை அளவாக ஊற்றினார். கேனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தீக்குச்சியைக் கிழித்துக் கிண்ணத்தில் காட்டிவிட்டு எடுத்தார். குனிந்து பார்த்தார். இந்தப் பக்கம் தலையைச் சாய்த்துப் பார்த்தார், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"பத்தல" என்றார். "தண்ணி கலந்த ஸ்பிரிட்டு போல. பழைய கேனு."

"நல்லாப் பாருங்க."

"பாத்துட்டேன்டி. பத்தல. இன்னும் கொஞ்சம் விடணும்."

கேனைத் தூக்கிச் சாய்த்தார்.

தையலம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். முரட்டுத் துணியை இழுத்துத் தைக்கிற கை; அவரால் அசைக்க முடியவில்லை. கயிறு மாஸ்டர் பாய்ந்து கேனைப் பிடுங்கி மூடிக்கொண்டு குழாயடிக்கு ஓடினான். தையலம்மா இடுப்பில் செருகியிருந்த வெட்டுத் துணி நாடாவை உருவி, அடுப்புக்கு மேலே நீட்டினாள்.

துணியின் நுனி பழுப்பானது. சுருண்டது. அப்புறம் குப்பென்று பிடித்து, அவள் விரல் வரைக்கும் ஏறியது. அவள் அதைத் தரையில் போட்டு மிதித்தாள்.

அடுப்பு அப்படியேதான் இருந்தது. கிண்ணம், வெயில், வெள்ளைக் கல். வேறு ஒன்றுமே தெரியவில்லை. அடுப்புக்காரர் மறுபடி குனிந்து பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். தொழில் தொடங்கிய நாளிலிருந்து அவரை ஏமாற்றாத கண்.

"எரியுது" என்றாள் தையலம்மா. "எரியுது, ஆனா தெரியல." அவள் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எம் பொண்ணு பாத்திருக்கா. அவ பொய் சொல்லல. நான் சொன்னேன்ல, பொய் சொல்ல மாட்டான்னு? சொன்னேன்ல?"

அவள் முகத்தில் சந்தோஷம் வந்தது. பார்க்கச் சகிக்காத சந்தோஷம் அது. கயிறு மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் பாத்தேல்லடா? உம் மேலயும் தப்பில்லடா" என்றாள். அவன் குழாய்க்கட்டையில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினான். இத்தனை மாதமாக யாரிடமும் அழ முடியாமல் வைத்திருந்த அழுகை.

அடுப்புக்காரர் மட்டும் குந்தியபடியே இருந்தார். அடுப்பின் மூடியை எடுத்துக் கிண்ணத்தின் மேல் போட்டார். இரண்டு முறை தவறிப் போட்டு விரலைச் சுட்டுக்கொண்டார். அதை அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை.

"சின்னதுல கைய வச்சுத்தான் பாப்பா அவ" என்றார். "நான்தான் தட்டி விட்டேன்."

மூடியிலிருந்து கண்ணை எடுத்து நிமிர்ந்தார்.

"வேற எந்த அப்பனுக்குப் பொறந்திருந்தாலும் கைய வச்சுப் பாத்திருப்பா. சூடு தெரிஞ்சிருக்கும். ஊத்தியிருக்க மாட்டா." அவர் மனைவியைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனால் கெஞ்சவில்லை. "இந்த அடுப்ப எடுத்ததும் நான். இருட்டுல வச்சு எடுத்தவனும் நான். நான் சொல்லிக் குடுத்தத அப்பிடியே செஞ்சா அவ. ஒண்ணு விடாம செஞ்சா."

தையலம்மாவின் முகத்திலிருந்து அந்தச் சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போனது. மகள் மேல் பழி இல்லை என்று தெரிந்துவிட்டது. அந்தப் பழி எங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதும் இப்போது தெரிந்தது. ரொம்ப நேரம் அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று கயிறு மாஸ்டர் நினைத்தான். அவள் திட்டவில்லை.

"புது பேட்ச் எப்ப வருதுடா?" என்று அவனைக் கேட்டாள்.

"அடுத்த வாரம்மா."

"இவரு வருவாரு. வெயில்ல வச்சுக் கொளுத்தி, அந்தப் பிள்ளைங்களுக்குக் காட்டுவாரு. எந்த அடுப்பு எடுக்கணும், எத எடுக்கக் கூடாதுன்னு அங்கயே வெட்டவெளியில வச்சுப் பாத்துட்டுச் சொல்லுவாரு. உங்க தலைவர் எதிர்லயே சொல்லுவாரு."

"சொல்றேன்" என்றார் அடுப்புக்காரர்.

"அவ பாத்தான்னும் சொல்லணும்."

"சொல்றேன். தெருவுல ஒவ்வொருத்தன்கிட்டயும் சொல்றேன். அவசரக்குடுக்கைன்னு இந்த வாயாலதான சொன்னேன்."

கயிறு மாஸ்டர் அடுப்பைப் பையில் போட்டுக்கொண்டான். தலையை ஆட்டிவிட்டுக் கடை வழியாக வெளியே போனான். அவன் காலடிச் சத்தம் தெருவில் இறங்கும் வரைக்கும் இருவரும் அசையவில்லை.

பிறகு அடுப்புக்காரருக்கு உடைந்தது. துவைக்கிற கல்லில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. மருத்துவமனையில் வராத அழுகை, வீட்டிலிருந்து அவளை எடுத்துக்கொண்டு போனபோதும் வராத அழுகை. எதிரே மகள் நிற்பதுபோலவே அவர் பேசினார்.

"நீ பாத்தேடா கண்ணு. நீ பாத்தே. அப்பாவுக்குத்தான்டா தெரியல."

தையலம்மா எழுந்து அவர் பக்கத்தில் வந்தாள். சுட்டுக்கொண்ட அவர் விரலைப் பிடித்துக் குழாய்க்கு அடியில் நீட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். அவள் கண்ணிலிருந்தும் கொட்டிக்கொண்டுதான் இருந்தது.

"இத அன்னிக்கே அவகிட்ட சொல்லியிருந்தீங்கன்னா" என்றாள், "உங்க முகத்தப் பாத்துக்கிட்டே போயிருப்பா."

அவர் விரலைத் தண்ணீரிலிருந்து எடுக்கப் பார்த்தார். அவள் விடவில்லை. எரிச்சல் அடங்கும் வரைக்கும் பிடித்துக்கொண்டே நின்றாள்.